பொட்டு வைத்த ரிமோட்டும் பூட்டிய வண்டியும்

ரிமோட்டை முதலில் கீழே வையுங்கள். நான் பேசி முடிக்கிற வரைக்குமாவது மேஜை மேல் இருக்கட்டும். கையில் இருந்தால் உங்களுக்கு அழுத்தத்தான் தோன்றும். வாசலில் நிற்கிற வண்டியில் மோட்டார் ஓடும், டேங்க்குத் தண்ணீர் சாக்கடைக்குப் போகும், அப்புறம் லாரித் தண்ணீருக்கு யாராவது போன் போட்டுக் கெஞ்ச வேண்டும். அந்த யாராவது, சூப்பர்வைசராகப் பல வருஷம், நானாகத்தான் இருந்தேன். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்தபிறகும், தெருவில் ஒருவன் தோட்டத்துக் குழாயைத் திறந்துவிட்டு வேடிக்கை பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களிடம் நாலு வார்த்தை பேசச் சொல்லிக் கோட்டூர்புரத்திலிருந்து என்னை வரவழைத்திருக்கிறார்கள். கம்பை எப்படி நீட்டுவது, பிரஷை எப்படி இழுப்பது என்பதெல்லாம் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார்களாம். நல்லது. வண்டிக்குள் டேங்க், டேங்க்கிலிருந்து மோட்டார், மோட்டாரிலிருந்து ஹோஸ், ஹோஸ் முனையில் நீளக் கம்பும் பிரஷும். தரையில் நின்றபடியே மூன்றாவது மாடிக் கண்ணாடியைத் துடைக்கலாம். நம் தொழிலின் பெரிய விஞ்ஞானம் இவ்வளவுதான். இதில் கெடுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். மனிதன் இருக்கிறானே.

ரிமோட் வருவதற்கு முன்னால் வண்டிக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்பார். கம்பு பிடிக்கிறவன் "போடு" என்று கத்துவான், அவர் மோட்டாரைப் போடுவார். "நிறுத்து" என்றால் நிறுத்துவார். காது கிழியும், கடைக்காரர்கள் திட்டுவார்கள், ஆனால் வண்டியில் ஆள் உண்டு. பிறகு நம் முதலாளி எங்கேயோ ஒரு கண்காட்சிக்குப் போய், தீப்பெட்டி அளவில் கறுப்பாக ஒன்றை வாங்கி வந்தார். நடுவில் ஒரே ஒரு சிவப்புப் பொத்தான். ஒரு தரம் அழுத்தினால் மோட்டார் ஓடும், அதையே மறுபடி அழுத்தினால் நிற்கும். ஓடுகிறதா நிற்கிறதா என்று காட்டுகிற விளக்கு எங்கே இருக்கிறது தெரியுமா? வண்டிக்குள். அழுத்துகிறவன் தெருமுனையில், விளக்கு வண்டிக்குள். இதைக் கண்டுபிடித்தவரை ஒரே ஒரு நாள் பாண்டி பஜாரில் கம்பு பிடிக்கவிட்டுப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை.

சரி, கருவி அப்படி. நம் ஆட்களாவது ஒழுங்காக வைத்துக்கொண்டார்களா? வீட்டு டி.வி. ரிமோட்டுக்கு என்னென்ன செய்வார்களோ அத்தனையும் செய்தார்கள். வாங்கி வந்த பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமல் ரப்பர் பேண்ட் போட்டார்கள். வேலை செய்யவில்லையென்றால் தொடையில் தட்டினார்கள், பின்மூடியைத் திறந்து பேட்டரியை விரலால் உருட்டினார்கள். ஒருவன் கால்சட்டைப் பின்பாக்கெட்டில் வைத்துக்கொண்டு டிபன் சாப்பிட உட்கார்ந்தான். அவன் இங்கே உட்கார, மயிலாப்பூரில் ஒரு ஃபிளாட் வாசலில் சாத்திவைத்த கம்பிலிருந்து தண்ணீர் பீய்ச்சி, முதல் மாடி ஜன்னல் வழியாக நேராக உள்ளே போயிற்று. அந்த வீட்டு மாமி பால்கனிக்கு வந்து, கீழே நின்ற என்னைப் பார்த்து, "ஏண்டிம்மா, ஆத்துக்குள்ள ஜலம் கொட்டிண்டிருக்கு, நீ என்னத்துக்கு இங்க நின்னுண்டிருக்கே?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பதில் பின்பாக்கெட்டில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். நான் இன்றைக்குச் சொல்ல வந்தது சிரிக்கிற சமாசாரம் இல்லை.

ஆயுத பூஜைக்கு மறுநாள். நம் தொழிலில் அன்றைக்கு வேலை பிய்த்துக்கொண்டு போகும், ஏனென்றால் தீபாவளிக் கூட்டம் வருவதற்குள் தி.நகரில் எல்லாக் கடைக்காரர்களுக்கும் கண்ணாடி பளபளக்க வேண்டும். பாண்டி பஜாருக்குப் பின்பக்கத் தெருவில் ஒரு மூலைக் கட்டடம். பெயர் வேண்டாம். கம்பு பிடித்தது தேவா. நல்ல உழைப்பாளி, பக்திமான், ஆனால் ஒரு விஷயத்தை ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. வண்டி ஓட்டியது பழனி. வண்டியைப் பக்கத்துச் சந்துக்குள் நிறுத்தியிருந்தான், தெருவில் நிறுத்த இடமேது. ஹோஸ் சந்தின் வாயைக் கடந்து, நடைபாதை ஓரமாகவே போய், கட்டடத்தின் மறுமுனையில் தேவாவின் கம்பில் முடிந்தது.

அந்த நடைபாதையில், கட்டடத்துக்காரர்கள் தங்கள் விளம்பரப் பலகை விளக்குகளுக்காக ஓர் இரும்புப் பெட்டி வைத்திருந்தார்கள். இடுப்பு உயரம். கதவு ஒரு கீலில் தொங்கும், உள்ளே ஒயர் தெரியும். அதன் நிழலில்தான் கஸ்தூரி பூ விற்பார். கூடை காலடியில், தொடுத்த சரமெல்லாம் பெட்டியின் கைப்பிடியில் தொங்கும். நான் பலமுறை சொல்லியிருக்கிறேன், அதில் தொங்கவிடாதே என்று. "இன்னா மேடம் நீ, இத்தினி வருசமா தொங்குது, அது என்னை இன்னா பண்ணிச்சு?" என்பார். கட்டடத்து மேனேஜரிடமும் சொன்னேன். எழுதிக் கொடுங்கள் என்றார்.

காலையிலிருந்தே கத்திக் கத்தி எனக்குத் தொண்டை வறண்டிருந்தது. சந்தின் வாயில் ஆட்டோ ஸ்டாண்டு. ஒவ்வோர் ஆட்டோவும் போகும்போது ஒரு தரம், வரும்போது ஒரு தரம் ஹோஸ் மேல் ஏற்றிக்கொண்டு போனது. சக்கரம் ஏறினால் தண்ணீர் தடைபடும், மேலே பாதிக் கண்ணாடி சோப்பு நுரையோடு நிற்கும், கீழே தேவா கம்போடு நிற்பான். ஓர் ஆட்டோக்காரர், மீசை நரைத்தவர், ஹோஸ் மேல் சக்கரத்தை நிறுத்திவிட்டு நிதானமாகப் பேப்பர் படித்தார். நான் போட்ட கூச்சலில் எதிர்க்கடை ஷட்டரைத் திறந்துகொண்டிருந்த பையன்கூடத் திரும்பிப் பார்த்தான். "ஹோஸ் மேல ஏத்தாதீங்கன்னு எத்தினி வாட்டி சொல்றது? கண்ணு தெரியலையா?" என்றேன். அவர் பேப்பரை மடித்து, "ரோடு உங்க அப்பன் வீட்டுதா?" என்று கேட்டுவிட்டு வண்டியை நகர்த்தினார். எங்களுக்குள் அறிமுகம் அப்படி நடந்தது.

இப்படிப் பல சக்கரம் ஏறி இறங்கியதிலோ என்னவோ, நடைபாதையில் இருந்த ஹோஸ் இணைப்பு பிடுங்கிக்கொண்டது. சரியாக அந்த இரும்புப் பெட்டிக்கு எதிரே. தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு பெட்டிக்குள் போனது. உள்ளே பட்டென்று ஒரு சத்தம், ஒரு கருகல் நாற்றம். கஸ்தூரி "ஐயோ" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு நாலடி தள்ளிப் போனார். தப்பித்தாரே என்று நினைத்தேன்.

"தேவா, நிறுத்து" என்று கத்தினேன்.

"அமுக்கிட்டேன் மேடம்" என்றான். தண்ணீர் நிற்கவில்லை.

"நிறுத்துடா."

"அமுக்கினுதான் கீறேன் மேடம்."

அவன் என்ன செய்தான் என்று நீங்களே சொல்லுவீர்கள். மறுபடி அழுத்தினான். கையைத் தலைக்கு மேல் தூக்கி அழுத்தினான். தொடையில் தட்டினான். பேட்டரி மூடியைத் திறந்தான். பொத்தானின் நட்டநடுவில் சந்தனம், அதன் மேல் குங்குமம். முந்தின நாள் பூஜையில் எல்லாக் கருவிகளுக்கும் பொட்டு வைத்தவன், இருப்பதிலேயே விலை கூடினது இதுதான் என்று இதற்கு மட்டும் தாராளமாக வைத்திருக்கிறான். சந்தனம் இறங்கி, காய்ந்து, பொத்தானைச் சுற்றி சிமென்ட் பூசின மாதிரி இறுகிவிட்டது. அழுத்தினால் பாதி இறங்கும், சில சமயம் இறங்கவே இறங்காது. அதனால் அவன் அழுத்தினதில் எது பட்டது, எது படவில்லை என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும்.

நான் சந்துக்குள் ஓடினேன். வண்டிக்குள் மெயின் ஸ்விட்ச் இருக்கிறது, அதைத் தட்டினால் முடிந்தது. வண்டி பூட்டியிருந்தது. ரிமோட் வந்த பிறகு வண்டியில் ஆள் எதற்கு? பழனி பூட்டிக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டான். போன் போட்டேன். வண்டிக்குள் மணி அடித்தது. சார்ஜ் போட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறான், மகராசன். கண்ணாடி வழியாக அவன் போனில் என் பெயர் எரிவது தெரிந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கண்ணாடியை உடைத்திருப்பேன், கையில் ஒரு கல் கிடைத்திருந்தால். தி.நகரில் நாலு தெருவும் தோண்டிப் போட்டிருப்பார்கள், வேண்டும் என்கிறபோது ஒரு கல் கிடைக்காது.

சந்தின் வாய்க்குத் திரும்பி வந்தால், கஸ்தூரி கூடையை எதிர்க்கடைப் படியில் வைத்துவிட்டுப் பெட்டியை நோக்கித் திரும்பி வந்துகொண்டிருந்தார். சரம் முழுக்கக் கைப்பிடியில் தொங்கியது. விஜயதசமி வியாபாரம் மொத்தமும் அதுதான்.

"கஸ்தூரி, கிட்டப் போகாதே."

"என் பூவு நனையுதும்மா. பெட்டி மேல தொங்கிக்கினு கீது பாரு. யாரு குடுப்பாங்க எனக்கு?"

வெறுங்கால். தரையெல்லாம் தண்ணீர். பெட்டி நனைந்து, உள்ளே கருகின நாற்றம். ஹோஸை நானே மடித்துப் பிடித்தால் தண்ணீர் நிற்கும். ஆனால் பிடித்தால் பிடித்தபடியே நிற்க வேண்டும், கஸ்தூரியை யார் தடுப்பது? தேவாவைக் கூப்பிட்டால் ரிமோட்டிலிருந்து தலையைத் தூக்க மாட்டான். அப்போதுதான் நரைத்த மீசை கண்ணில் பட்டது. ஹோஸுக்கு ஒரு முழம் தள்ளி, ரொம்ப மரியாதையாக வண்டியை நிறுத்தியிருந்தார். வாழ்க்கையில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஓர் ஆட்டோ ஹோஸ் மேல் ஏறாமல் நின்றுகொண்டிருந்தது.

"அண்ணே, ஹோஸ் மேல ஏத்துங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா மேடம், ஜோக்கா? காத்தால ஏத்தாதன்னு அந்தக் கத்து கத்துன. இப்ப ஏத்துன்ற."

"ஏத்துங்கண்ணே. ஏத்தி அப்படியே நிறுத்துங்க. அந்தப் பொம்பள செத்துடுவா."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. வண்டியை எடுத்து, பின்சக்கரத்தை ஹோஸ் மேல் ஏற்றி, கைபிரேக்கைப் போட்டார். நான் கஸ்தூரியிடம் ஓடினேன். நல்ல வேளை, அவர் ஈரத்தில் காலை வைக்க யோசித்துப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிப் பிடித்தேன். அவர் என்னைத் திட்டின திட்டை இங்கே சொல்ல முடியாது.

பீய்ச்சின தண்ணீர் சுருங்கி, சொட்டாகி, நின்றது.

"நின்னுடுச்சு மேடம்" என்று தேவா ஓடி வந்தான். முகமெல்லாம் பல். "ரிமோட் வேலை செஞ்சிடுச்சு. கொஞ்சம் அழுத்தி அமுக்கணும், அவ்ளோதான்." ஆட்டோக்காரரிடம் திரும்பி, "நைனா, நீ போ, உனக்கு சவாரி கீதில்ல" என்றான்.

இந்த இடத்தில்தான் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இருக்கிறது. பயந்துபோய் நிற்கிறபோது நமக்கு நிம்மதி தருகிற எதையும் உடனே நம்பத் தோன்றும். தண்ணீர் நின்றுவிட்டது, ரிமோட் கையில் இருக்கிறது, அழுத்தியிருக்கிறோம், ஆகவே ரிமோட்டால் நின்றது. தேவா நம்பினான். கஸ்தூரியும் நம்பினார்: "அதான் நின்னுபோச்சே, உடும்மா, என் பூவ எடுத்துக்கினு போறேன்" என்று என் கையை உதறினார். ஆட்டோக்காரரின் போனில் வேறு சவாரிக்காரர் கத்திக்கொண்டிருந்தார், எங்கே இருக்கிறாய் என்று. அவர் சாவியில் கையை வைத்துவிட்டார். மூன்று பேரும் ஒரே நேரத்தில் என் உயிரை வாங்கினார்கள்.

நான் காதைக் கொடுத்துக் கேட்டேன். சந்துக்குள் மோட்டார் உறுமிக்கொண்டுதான் இருந்தது.

"யாரும் நகரக் கூடாது" என்றேன். "அண்ணே, மோட்டார் ஓடுது. நீங்க எடுத்தீங்கன்னா தண்ணி மறுபடி பெட்டிக்குள்ள போவும். சாவி வர்ற வரைக்கும் இருங்க."

ஆட்டோக்காரரும் ஒரு நிமிஷம் தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு போனை எடுத்து, "சார், என்னால வர முடியாது. வேற வண்டி பாத்துக்கோ. இங்க ஒரு ஹோஸ் மேல நின்னுக்கினு கீறேன்" என்றார். அந்தப் பக்கம் என்ன கேட்டார்களோ, "ஆமா சார், ஹோஸு" என்று சொல்லி வைத்தார். காலையில் நான் அவரைப் பேசின பேச்சுக்கு அவர் கிளம்பிப் போயிருந்தாலும் நான் வாய் திறந்திருக்க முடியாது.

சத்தம் கேட்டு மேனேஜர் கூப்பிட்டிருந்த கட்டடத்து எலக்ட்ரீஷியன் அப்போதுதான் பைக்கில் வந்து இறங்கினார். பெட்டியைக் காட்டினேன். கஸ்தூரி, "ஒண்ணியும் இல்ல சார், கொஞ்சம் நனைஞ்சுது, என் பூவ எடுத்துக் குடுத்துடு" என்றார். எலக்ட்ரீஷியன் தன் காலில் ரப்பர் செருப்பைச் சரிபார்த்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை எடுத்து, பூ தொங்கிய அதே கைப்பிடியில் முனையை வைத்தார். டெஸ்டரில் விளக்கு எரிந்தது. அவர் அதைச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். மறுபடியும் எரிந்தது. மெயினை அணைக்க உள்ளே ஓடினார்.

என் கைக்குள் திமிறிக்கொண்டிருந்த கஸ்தூரியின் உடம்பு அப்படியே தளர்ந்தது. இரண்டு பேரும் ஒன்றாகக் கடைப் படியில் உட்கார்ந்தோம். "அதுலதான் எம் பேத்தி ஊஞ்சலாடுவா" என்றார் கஸ்தூரி.

அந்த நேரம் பார்த்து சந்துக்குள் மோட்டார் நின்றது. "பாத்தீங்களா மேடம், இப்ப சரியாயிடுச்சு" என்றான் தேவா. சொல்லிவிட்டு, சரியாகிவிட்டதா என்று உறுதிப்படுத்த இன்னொரு தரம் அழுத்தினான். மோட்டார் ஓட ஆரம்பித்தது. நான் எழுந்து போய் அந்த ரிமோட்டை அவன் கையிலிருந்து பிடுங்கி என் ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டேன். அவனை அடிக்கவில்லை. அது ஒன்றுதான் அன்றைக்கு நான் காட்டிய பொறுமை.

பழனி பன் மென்றுகொண்டே வந்தான். "இன்னா மேடம், எல்லாரும் உக்காந்துக்கினு கீறீங்க?" என்றான். சாவியைப் பிடுங்கி மெயின் ஸ்விட்சைத் தட்டின பிறகுதான் ஆட்டோக்காரர் கைபிரேக்கை எடுத்தார். போகும்போது என்னிடம், "இனிமே ஏத்தட்டுமா, வேணாமா? கரெக்டா சொல்லிடு" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். தலையாட்டிவிட்டு, ஹோஸ் மேல் ஏற்றித்தான் போனார்.

பெட்டிக்குப் புதுக் கதவும் பூட்டும் அந்த வாரமே வந்துவிட்டது. மேனேஜர் இப்போது எழுதிக் கொடுக்கச் சொல்லவில்லை.

நான் முதலாளியிடம் போய், வண்டிக்குப் பழையபடி ஆள் வேண்டும் என்றேன். "ஆள் வேணாம்னுதானேம்மா ரிமோட்டே வாங்கினேன்" என்றார். பூஜை போட்டால் பொட்டு வைக்க வேண்டாமா என்று வேறு என்னைக் கேட்டார். வையுங்கள், யார் வேண்டாம் என்றது, பின்பக்கம் வையுங்கள் என்றேன். சாமிக்குப் பொத்தான் மேல்தான் வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை. கத்தோ கத்து என்று கத்தியதில், ஆள் கிடைக்கவில்லை, மாற்றுச் சாவி கிடைத்தது. அந்தச் சாவி கம்பு பிடிக்கிறவன் கழுத்தில் கயிற்றில் தொங்க வேண்டும் என்று விதி போட்டேன். உங்களுக்கும் கொடுத்திருப்பார்கள். எங்கே, தொட்டுக் காட்டுங்கள். பார்த்தீர்களா, பாதிப் பேர் பையில் தேடுகிறீர்கள்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. ரிமோட் ஒரு தரம் கேட்கவில்லையென்றால் அதை மறந்துவிடுங்கள். இரண்டாவது தரம் அழுத்துகிற நேரத்தில் வண்டிக்கு ஓடுங்கள். மோட்டார் நின்றதா என்று தண்ணீரைப் பார்த்துச் சொல்லாதீர்கள், வண்டிக்கிட்டே போய்க் காதால் கேட்டுச் சொல்லுங்கள். இதை எத்தனையோ பேருக்குச் சொல்லிவிட்டேன். எல்லோரும் "சரி மேடம்" என்பீர்கள். மறுநாள் போனால் இரண்டு சாவியும் டீக்கடையில் இருக்கும்.

ஆனால் ஒருவருக்கு மட்டும் நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கஸ்தூரி இப்போதும் அதே நடைபாதையில்தான் பூ விற்கிறார், பெட்டியை விட்டுத் தள்ளி, ஒரு வேப்பமரத்தில் ஆணியடித்து. போன வாரம் பூ வாங்கப் போயிருந்தேன். நம் வண்டி வந்து சந்துக்குள் திரும்பியது. பையன்கள் இறங்கி ஹோஸை இழுத்தார்கள். கஸ்தூரி கூடையை இறக்கவில்லை. இடுப்பில் வைத்தபடியே நின்று, அவர்களைப் பார்த்துக் கேட்டார்:

"சாவி யார்கிட்ட கீது?"

ஒருத்தன் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை. அவன் சட்டைக்குள் கைவிட்டுக் கயிற்றை வெளியே இழுத்துக் காட்டின பிறகுதான் அவர் உட்கார்ந்தார்.